ஊட்டியில் பிறந்த ஆட்டமும் உலகத் தரவரிசையும்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியது)

"ராங்க்" என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நெஞ்சு ஒருமுறை படபடக்கும். மதிப்பெண் அட்டை வீட்டுக்கு வரும் நாளில் அப்பாவின் கண் முதலில் தேடுவது அந்த ஓர் எண்ணைத்தான். பொதுத்தேர்வு எழுதப்போகும் பத்தாம் வகுப்பு மாணவியருக்கு இதை விளக்கவும் வேண்டுமோ? ஆனால் ராங்க் என்பது பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. உலகத்தில் சில விளையாட்டுகளில் வயது வந்த ஆட்டக்காரர்களும் ஆண்டு முழுவதும் ராங்குக்காகவே உழைக்கிறார்கள். அவற்றுள் ஒன்று ஸ்னூக்கர்.

ஸ்னூக்கர் என்றால் அது வெள்ளைக்காரர் ஆட்டம், நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று தோழியர் கேட்கலாம். தொடர்பு உண்டு. வானம் தெளிவாக இருக்கும் நாளில் நம் கோவையிலிருந்து பார்த்தால் வடமேற்கே நீல நிறத்தில் ஒரு மலைத்தொடர் தெரிகிறதல்லவா? அந்த நீலகிரியின் உச்சியில் உள்ள உதகமண்டலத்தில்தான் இந்த ஆட்டத்தின் விதிகள் முதன்முதலாக ஒழுங்காக எழுதப்பட்டன. மேற்கே வாளையாற்றைக் கடந்து பாலக்காட்டு வழியாகச் சென்றால் வரும் கொச்சி நகரில், 2019-ஆம் ஆண்டு, இந்த ஆட்டத்தின் உலகத் தரவரிசைப் போட்டி ஒன்று நடைபெற்றது. ஆட்டம் பிறந்த இடத்துக்கும் போட்டி நடந்த இடத்துக்கும் நடுவே நம் ஊர் இருக்கிறது. ஆகவே இதைப் பற்றி நாமும் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

ஆட்டம் எப்படிப்பட்டது?

கேரம் ஆடத் தெரியாத மாணவி நம் பள்ளியில் இருக்கமாட்டாள். ஸ்னூக்கரைக் கேரத்தின் பெரிய அக்காள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். கேரம் பலகைக்கு நான்கு மூலையில் நான்கு குழிகள். ஸ்னூக்கர் மேசைக்கு நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலும் சேர்த்து ஆறு குழிகள். மேசை ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் உடையது. மேலே பச்சைக் கம்பளித் துணி விரித்திருப்பார்கள். அதன் அடியில் இருப்பது மரப்பலகை அன்று, கனத்த கற்பலகை. பந்து சிறிதும் கோணாமல் உருள வேண்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு.

கேரத்தில் ஸ்டிரைக்கரை விரலால் சுண்டுகிறோம். இங்கே ஸ்டிரைக்கரின் வேலையைச் செய்வது ஒரு வெள்ளைப் பந்து. அதை "கியூ" என்னும் நீண்ட கோலின் நுனியால் தட்ட வேண்டும். வெள்ளைப் பந்து மற்றப் பந்தை மோதி அதைக் குழியில் விழச் செய்ய வேண்டும். சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. அவற்றோடு ஆறு வண்ணப் பந்துகள் உண்டு. மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7 புள்ளிகள்.

கேரத்தில் "ரெட்" போட்டால் "ஃபாலோ" போட வேண்டும் அல்லவா? இங்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு உண்டு. முதலில் ஒரு சிவப்பு, அடுத்து ஒரு வண்ணம், மறுபடி சிவப்பு, மறுபடி வண்ணம் என்று மாறிமாறிப் போட வேண்டும். விழுந்த சிவப்பு திரும்பி வராது. விழுந்த வண்ணப் பந்தை மட்டும் எடுத்து அதன் இடத்தில் மீண்டும் வைப்பார்கள். சிவப்பெல்லாம் தீர்ந்த பிறகு, மஞ்சள் தொடங்கிக் கறுப்பு வரை வரிசையாகப் போட்டு முடிக்க வேண்டும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் 15 சிவப்பையும் போட்டு, ஒவ்வொரு சிவப்புக்குப் பின்னும் கறுப்பையே போட்டால் 15 × 8 = 120. கடைசியில் ஆறு வண்ணங்களும் சேர்ந்து 2 + 3 + 4 + 5 + 6 + 7 = 27. ஆக மொத்தம் 147. தவறு நேராமல் ஒரே மூச்சில் ஆடி முடிப்பவர் பெறும் நிறைவான எண்ணிக்கை இதுவே. வெள்ளைப் பந்தே குழியில் விழுந்துவிட்டால் எதிராளிக்குக் குறைந்தது 4 புள்ளிகள் போய்ச் சேரும்.

ஓர் ஆட்டத்துக்கு "ஃப்ரேம்" என்று பெயர். பந்தைப் போட வழியில்லாதபோது, வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் மறைத்து வைத்து எதிராளியைத் திணறச் செய்வதும் உண்டு. அந்தத் தந்திரத்துக்கும் ஸ்னூக்கர் என்றே பெயர். கை மட்டும் அன்று, மூளையும் வேலை செய்ய வேண்டிய ஆட்டம் இது.

பிறந்த கதை

1875-ஆம் ஆண்டு மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் ஆங்கிலப் படையினர் தங்கியிருந்தனர். மழைக்காலத்தில் வெளியே விளையாட முடியாதபோது பில்லியர்ட்ஸ் மேசையே அவர்களுக்குத் துணை. நெவில் சேம்பர்லேன் என்ற இளம் அதிகாரி, அப்போது வழக்கில் இருந்த ஆட்டங்களில் சிவப்புப் பந்துகளோடு வண்ணப் பந்துகளையும் சேர்த்து ஒரு புதிய ஆட்டத்தை உருவாக்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த நெவில் சேம்பர்லேன் இவர் அல்லர். பெயர் மட்டுமே ஒன்று.

இங்கிலாந்தில் ராணுவப் பயிற்சிப் பள்ளியில் புதிதாகச் சேரும் மாணவரை "ஸ்னூக்கர்" என்று கேலியாக அழைப்பார்களாம். ஒருநாள் ஒருவர் எளிதான பந்தைத் தவறவிட, சேம்பர்லேன் அவரை அப்பெயரால் கேலி செய்தார். பிறகு, இந்தப் புதிய ஆட்டத்தில் நாம் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தானே என்று சொல்லிச் சமாதானப்படுத்தினார். அந்தப் பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. கற்றுக்குட்டி என்று பொருள்படும் சொல் உலகப் புகழ் பெற்றது வேடிக்கைதான்!

பின்னர் சேம்பர்லேன் சென்னை ராணுவத் தளபதியின் அலுவலராக உதகமண்டலத்துக்கு வந்தார். 1882-ஆம் ஆண்டளவில் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்டத்தின் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அங்கிருந்து பிற ஊர்களுக்கும், பிறகு கடல் கடந்து இங்கிலாந்துக்கும் ஆட்டம் பரவியது. அந்தக் கிளப் இன்றும் ஊட்டியில் இருக்கிறது.

தரவரிசை என்பது என்ன?

ஆட்டத்தைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு 1976-ஆம் ஆண்டு முதல் உலகத் தரவரிசைப் பட்டியல் உண்டு. முதல் பட்டியலில் முதலிடம் பெற்றவர் வேல்ஸ் நாட்டு ரே ரியர்டன். தொடக்கத்தில் உலகச் சாம்பியன் போட்டியின் முடிவுகளை மட்டுமே கணக்கிட்டனர். நாளடைவில் வேறு பல போட்டிகளும் கணக்கில் சேர்ந்தன. இவ்வாறு எந்தப் போட்டியின் முடிவு பட்டியலில் ஏறுகிறதோ அதுவே தரவரிசைப் போட்டி. வேடிக்கைக்காகவோ அழைப்பின் பேரிலோ நடக்கும் போட்டியில் வென்றால் கோப்பையும் பணமும் கிடைக்கும். பட்டியலில் ஓர் இம்மியும் நகர முடியாது.

2014-ஆம் ஆண்டிலிருந்து கணக்கு மிகவும் எளிதாகிவிட்டது. தரவரிசைப் போட்டிகளில் வென்ற பரிசுப் பணமே புள்ளி. ஒரு பவுன் பெற்றால் ஒரு புள்ளி. இதை நான் வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது, "கொச்சியில ஜெயிச்சவருக்கு 50,000 பவுனு பரிசு" என்றேன். கேட்டுக்கொண்டிருந்த அம்மிச்சி திடுக்கிட்டு, "ஏங் கண்ணு, உருண்டையைக் கோல்ல தட்டுறதுக்கு அம்பதாயிரம் பவுனு நகையா?" என்றார். "நகை இல்லீங் அம்மிச்சி, இங்கிலாந்துப் பணத்துக்கும் பவுனுன்னுதான் பேருங்க" என்று சொன்ன பிறகே அவருக்கு மூச்சு வந்தது. அந்நாளைய மதிப்பில் அது 40 இலட்சம் ரூபாய்க்கு மேல். நகைக் கணக்கில் பார்த்தால் 400 கிலோ தங்கம் ஆகிவிடும்!

இந்தக் கணக்கில் ஒரு முக்கியமான விதி உண்டு. வென்ற பணம் பட்டியலில் இரண்டு ஆண்டுகள் மட்டுமே நிற்கும். அதன் பிறகு அந்தத் தொகை கழிக்கப்பட்டுவிடும். வாழ்நாள் முழுவதும் வென்ற கோப்பைகளை அடுக்கிக் காட்டினாலும், கடந்த இரண்டு ஆண்டுகளில் என்ன செய்தாய் என்பதே பட்டியல் கேட்கும் ஒரே கேள்வி. ஆறாம் வகுப்பில் எடுத்த முதல் ராங்கைச் சொல்லிப் பத்தாம் வகுப்பில் இடம் கேட்க முடியாது அல்லவா? அதுபோலத்தான்.

பட்டியலில் முதல் 16 இடங்களில் இருப்பவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், குரூசிபிள் அரங்கில் நடக்கும் உலகச் சாம்பியன் போட்டிக்கு நேராகச் செல்லலாம். மற்றவர்கள் தகுதிச் சுற்றுகளில் போராட வேண்டும். ஆண்டு முடிவில் முதல் 64 இடங்களுக்குள் இருப்பவருக்குத் தொழில்முறை ஆட்டக்காரர் என்ற இடம் நிலைக்கும். புதியவருக்குக் கொடுக்கப்படும் அனுமதி இரண்டு ஆண்டுக்கானது. அதற்குள் 64-க்குள் வராவிட்டால் பெரும்பாலோர் மறுபடி முதல் படியிலிருந்தே ஏற வேண்டியிருக்கும்.

இந்தியாவில் நடந்த போட்டிகள்

இந்தியன் ஓப்பன் என்ற தரவரிசைப் போட்டி 2013-இல் புதுதில்லியிலும், 2015-இல் மும்பையிலும், 2016-இல் ஐதராபாத்திலும், 2017-இல் விசாகப்பட்டினத்திலும், 2019-இல் கொச்சியிலும் நடைபெற்றது. அதற்கடுத்து வந்த ஆண்டுகளில் அது நடக்கவில்லை.

புதுதில்லியில் நடந்த முதல் போட்டி நமக்கெல்லாம் பெருமை தந்தது. மும்பையைச் சேர்ந்த ஆதித்ய மேத்தா அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் ஸ்டீஃபன் மக்வயரை வென்று, தரவரிசைப் போட்டி ஒன்றின் இறுதி ஆட்டத்தை எட்டிய முதல் இந்தியர் ஆனார். இறுதியில் சீனாவின் டிங் ஜுன்ஹுய் அவரை 5–0 என்று வென்றார். தோல்விதான், எனினும் அதுவரை எந்த இந்தியரும் ஏறாத படி அது.

கொச்சிப் போட்டியின் இறுதி ஆட்டம் 2019 மார்ச் 3-ஆம் நாள் நடந்தது. இங்கிலாந்தின் மாத்யூ செல்ட், சீனாவின் இளைஞர் லியு ஹாவ்டியனை 5–3 என்று வென்றார். செல்ட் அதற்கு முன் ஒரு தரவரிசைப் பட்டமும் பெறாதவர். தொழில்முறை ஆட்டத்தில் பல ஆண்டுகள் தோற்றும் தேறியும் வந்தவருக்கு முதல் பட்டம் கேரள மண்ணில் கிடைத்தது.

இப்படிப்பட்ட போட்டியில் கோப்பை வெல்ல எத்தனை ஆட்டம் வெல்ல வேண்டும் தெரியுமா? 128 பேர் தொடங்கினால் 64, 32, 16, 8, 4, 2 என்று சுற்றுக்குச் சுற்றுப் பாதியாகிக் கடைசியில் ஒருவர் நிற்பார். அதாவது தொடர்ந்து 7 வெற்றிகள். நடுவே ஒரு தோல்விக்கும் இடமில்லை. இந்தியாவில் நடந்த போட்டியானாலும் இதன் தகுதிச் சுற்று ஆட்டங்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலேயே நடந்தன. சொந்த நாட்டில் ஆடுவதற்கே முதலில் கடல் கடந்து போய் வென்று வர வேண்டிய நிலையும் இருந்தது!

பிறந்த வீடும் புகுந்த வீடும்

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஆட்டம் பிறந்தது நம் நாட்டில். அப்படியிருக்க, பட்டியலின் உச்சியில் நம்மவர் பெயர் ஏன் இல்லை?

திறமை இல்லை என்று சொல்ல முடியாது. 1984-இல் ஓம் அகர்வால் தொழில்முறை சாராதவர்களுக்கான உலக ஸ்னூக்கர் பட்டத்தை வென்றார். பெங்களூரின் பங்கஜ் அத்வானி பில்லியர்ட்ஸிலும் ஸ்னூக்கரிலுமாக 20-க்கும் மேற்பட்ட உலகப் பட்டங்களைப் பெற்றவர். ஆனால் அவையெல்லாம் தொழில்முறைத் தரவரிசைக் கணக்கில் சேராதவை. அத்வானி 2012-இல் தொழில்முறை ஆட்டத்தில் சேர்ந்தார். 2014-இல் அதை விட்டுத் தாயகம் திரும்பினார். பெரும்பாலான போட்டிகள் பிரிட்டனிலும் சீனாவிலும் நடக்கின்றன. அவற்றில் ஆட வேண்டுமானால் வீட்டையும் உற்றாரையும் பிரிந்து ஆண்டில் பெரும்பகுதியை இங்கிலாந்திலேயே கழிக்க வேண்டும். பயணச் செலவும் தங்கும் செலவும் வேறு. முதல் ஆட்டத்திலேயே தோற்றால் கைக்காசுதான் கரையும்.

சிறப்பு அனுமதியில் ஆடுபவர் வென்றாலும் தரவரிசையில் பயனில்லாமல் போகலாம் என்பதற்கு டிங் ஜுன்ஹுய் வாழ்க்கையே சான்று. 2005-இல் பெய்ஜிங்கில் நடந்த சீன ஓப்பன் போட்டியில், 18 வயதே நிரம்பிய அவர் ஏழுமுறை உலகச் சாம்பியனான ஸ்டீஃபன் ஹென்றியை இறுதி ஆட்டத்தில் வென்றார். ஆனால் உள்ளூர் ஆட்டக்காரர் என்ற முறையில் சிறப்பு அனுமதி பெற்று ஆடியதால், அந்த வெற்றிக்கு ஒரு தரவரிசைப் புள்ளிகூட அவருக்குக் கிடைக்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரில்லாத மாணவி நூற்றுக்கு நூறு எழுதியது போல ஆயிற்று.

ஆனால் சீனர்கள் அதோடு நிற்கவில்லை. அந்த வெற்றியைப் பார்த்து எண்ணற்ற சிறுவர்கள் கோலைக் கையில் எடுத்தார்கள். பயிற்சிக் கூடங்கள் பெருகின. இருபது ஆண்டுகள் கழித்து, 2025-இல், சாவோ சின்டோங் உலகச் சாம்பியன் பட்டம் பெற்ற முதல் சீனர் ஆனார். சீனா இந்த ஆட்டத்துக்குப் பிறந்த வீடு அன்று, புகுந்த வீடுதான். புகுந்த வீட்டில் மேசையும் பயிற்சியும் கொடுத்தார்கள். பிறந்த வீட்டில் நாம் பழம்பெருமையை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

பெண்களுக்கு இடம் உண்டா?

உண்டு. உலகத் தொழில்முறை ஸ்னூக்கரில் ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. ஒரே பட்டியல், ஒரே மேசை. இந்த ஆட்டத்தில் தோள்வலிமையைவிடக் கண்ணின் கூர்மையும் கையின் அமைதியும் பொறுமையுமே பெரியவை. இவை பெண்களுக்குக் குறைவு என்று யார் சொல்ல முடியும்?

இங்கிலாந்தின் ரியான் எவன்ஸ் 12 முறை உலக மகளிர் பட்டம் பெற்றவர். 2013-இல் சீனாவில் நடந்த வூஷி கிளாசிக் என்ற தரவரிசைப் போட்டிக்குத் தகுதிச் சுற்றில் வென்று, அத்தகைய போட்டியின் முதன்மைச் சுற்றை எட்டிய முதல் பெண் ஆனார். 2021-ஆம் ஆண்டு அவருக்கும் ஹாங்காங்கின் இங் ஆன் யீ என்பவருக்கும், மகளிர் போட்டிகளின் வழியாகத் தொழில்முறை ஆட்டத்துக்கான இரண்டாண்டு அனுமதி வழங்கப்பட்டது. அதுமுதல் மகளிர் போட்டிகளில் சிறந்து விளங்குவோருக்கு இப்படி ஒரு வழி திறந்திருக்கிறது.

நம் நாட்டுப் பெண்களும் வாசல்வரை வந்துவிட்டார்கள். 2017-இல் சிங்கப்பூரில் நடந்த உலக மகளிர் இறுதி ஆட்டத்தில் வித்யா பிள்ளை, இதே இங் ஆன் யீயிடம் 5–6 என்று ஒரே ஒரு ஃப்ரேம் வித்தியாசத்தில் பட்டத்தை இழந்தார். 2025 நவம்பரில் தோஹா நகரில், தொழில்முறை சாராதவர்களுக்கான உலக மகளிர் ஸ்னூக்கர் போட்டியில், நம் சென்னையைச் சேர்ந்த அனுபமா ராமச்சந்திரன் அந்த இங் ஆன் யீயையே 3–2 என்று வென்று பட்டம் பெற்றார். நம் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி உலகத்தை வென்று வந்தாள் என்பது எத்துணை மகிழ்ச்சி!

எனினும் பில்லியர்ட்ஸ் அறை என்றாலே ஆண்கள் பொழுதுபோக்கும் இடம், பெண் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. பெற்றோர் அஞ்சுவதிலும் காரணம் உண்டு. புகையும் வீண் பேச்சும் பந்தயமும் உள்ள இடத்துக்கு எந்தத் தாய்தான் மகளை அனுப்புவாள்? அதற்கு விடை, பிள்ளையைத் தடுப்பது அன்று, இடத்தைச் சீர்செய்வதுதான். கேரம் பலகை நம் வகுப்பறைக்குள் வந்தது போல, ஒழுங்கான மேற்பார்வையோடு ஒரு ஸ்னூக்கர் மேசை பள்ளிக்கோ ஊர்ப் பொது விளையாட்டரங்குக்கோ வந்துவிட்டால், வீட்டில் எவரும் மறுக்கமாட்டார்கள்.

முடிவாக

தரவரிசை என்பது நேர்மையான கணக்கு. அது குலம் கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை, ஆணா பெண்ணா என்றும் கேட்பதில்லை. நேற்றைய புகழையும் இரண்டு ஆண்டுக்குமேல் ஏற்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு, பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகே தொடங்குகிறது. பெயர் ஏறுவதற்கு ஒரு மேசை வேண்டும், ஓர் ஆசிரியர் வேண்டும், வீட்டில் ஒருவர் "போய் வா கண்ணு" என்று சொல்ல வேண்டும். இவை கிடைக்காத பிள்ளையின் திறமையை எந்தப் பட்டியலாலும் அளக்க முடியாது. ஸ்னூக்கருக்கு மட்டுமல்ல, நம் மதிப்பெண் அட்டைக்கும் இது பொருந்தும்.

ஆகவே தோழியரே, உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்திருந்தால் அதை வீணாக்காமல் ராங்குக்கு உழையுங்கள். வாய்ப்புக் கிடைக்காத ஒருத்தி பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் கோலை நீட்டுங்கள். பெற்றோர்களே, உங்கள் பெண் எந்த மேசையின் முன் நின்றாலும், முதல் பந்து தவறியதும் வீட்டுக்கு அழைத்துவிடாதீர்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் அந்த ஆட்டத்தை உண்டாக்கியவரே சொல்லியிருக்கிறார் அல்லவா, தொடக்கத்தில் எல்லோருமே ஸ்னூக்கர்கள்தான்!